கழிமேட்டில் நோயாளி யாரும் இல்லை

கழிமேட்டுச் சின்னாஸ்பத்திரிக்கு அந்தப் பெட்டி வந்து இறங்கிய அன்று, திரௌபதியின் வலது கால் சுண்டுவிரலில் புண் வந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. பெட்டி ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். மேலே ஒரு கண்ணாடிச் சதுரம், பக்கத்தில் பச்சையும் சிவப்புமாக இரண்டு விளக்கு. அதை மேசைமேல் வைப்பதற்கு இரண்டு ஜீப்பில் ஒன்பது பேர் வந்தார்கள். கூரை ஒழுகுகிறது என்று நர்ஸ் வைஜெயந்தி நான்கு வருஷமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு சைக்கிள்கூட வந்ததில்லை. இப்போது பெட்டி நனையக்கூடாதே என்று, பெட்டிக்கு நேர் மேலே மட்டும் இரண்டடிக்கு இரண்டடி கூரையைப் பூசிவிட்டார்கள். நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே பழையபடியே விட்டுவிட்டார்கள்.

சின்னாஸ்பத்திரி என்பது ஊர் வைத்த பெயர். பலகையில் துணை சுகாதார நிலையம் என்று எழுதியிருக்கும். ஓர் அறை, ஒரு வராந்தா, ஒரு பெஞ்சு, ஒரு வைஜெயந்தி. மரக்காணத்து உப்பளங்களை ஒட்டி, கொஞ்சம் மேடான இடத்தில் இருக்கிற ஊர் கழிமேடு. விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாரத் தொடங்குகிறவர்கள், வெயில் ஏறியதும் பத்து மணிக்குக் கரையேறுவார்கள். கரையேறியவர்களில் நாற்பது ஐம்பது பேராவது நேரே சின்னாஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். கால் வெடிப்பு, கண் எரிச்சல், சுகர், பிரஷர், இடுப்பு வலி என்று ஆளுக்கொன்று இருக்கும்.

திரௌபதிக்குச் சுகர். புதுச்சேரியில் பார்த்த டாக்டர் வளவளவென்று பேசாத மனிதர். "ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாத்தணும், மாத்திரைய நிறுத்தக் கூடாது. விட்டீங்கன்னா விரலை எடுக்கணும். அப்பவும் விட்டீங்கன்னா பாதத்தை எடுக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இருபத்தெட்டு வருஷமாக இரண்டு காலால் நின்று உப்பு வாருகிறவளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. உயிரே போனாலும் கட்டு மாற்றுகிற நாளைத் தவறவிடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டாள்.

பெட்டியைத் தொடங்கிவைக்க மாவட்ட இலக்கு அலுவலர் வெற்றிச்செல்வன் வந்திருந்தார். சுகாதார நிலையங்கள் எல்லாம் இலக்கை எட்டுகின்றனவா என்று பார்ப்பதற்காகவே புதிதாக உண்டாக்கப்பட்ட இயக்ககத்தின் மாவட்டத் தலைவர் அவர். வெள்ளைச் சட்டை, மார்பில் தொங்கும் அட்டை, கையில் எப்போதும் ஒரு டேப்லெட்.

"இவ்வளவு நாளா இங்க எத்தனை பேர் வந்தாங்கன்னு நர்ஸ் நோட்டுல எழுதினாங்க. நாங்க நம்பினோம். நம்பிக்கைதான் பொறுப்புடைமைக்கு முதல் எதிரி" என்று அவர் மைக்கில் பேசினார். "இனிமே யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. விரல் வெச்சு பச்சை எரிஞ்சா, ஆள் வந்திருக்கார். பச்சை எரியலைன்னா வரலை. வராதவருக்குப் பண்ற வைத்தியம், பண்ணாத வைத்தியம். நாளைக்கு நாற்பது பச்சை, அதான் இலக்கு. எத்தனை பச்சையோ அத்தனை மாத்திரை!"

கூட்டம் கை தட்டியது. உப்பளத்து ஆட்கள் மைக்கில் யார் பேசினாலும் கை தட்டுவார்கள், சீக்கிரம் முடியும்.

முதல் விரல் வைக்க, கட்டு மாற்ற வந்திருந்த திரௌபதியை முன்னால் தள்ளினார்கள். போட்டோக்காரர் ரெடியானார். திரௌபதி கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தாள். சிவப்பு எரிந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தேன் ஒழுகச் சொன்னது: "மன்னிக்கவும். அப்படி ஒரு பயனாளி இல்லை."

திரௌபதி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. பொன்னியை வைக்கச் சொன்னார்கள், சிவப்பு. பக்கிரியை வைக்கச் சொன்னார்கள், சிவப்பு. விஷயம் ஒன்றுமில்லை. உப்பை வாரி வாரி, உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி, அந்த ஊர்க்காரர்களின் விரலில் ரேகை என்று ஒன்று மிச்சமில்லை. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் விரலை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அது செல்லாது. புண் யாருக்கோ அவர் விரல் வேண்டும்.

"கையச் சுத்தமா கழுவிட்டு வாங்கம்மா" என்றார் வெற்றிச்செல்வன்.

"கழுவிட்டேன் சார். ரேகதான் இல்ல."

"ரேகை இல்லாம மனுஷங்க இருக்க முடியாதும்மா."

"இருக்கறோமே சார்" என்றாள் திரௌபதி.

அவர் டேப்லெட்டைப் பார்த்தார். டேப்லெட் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றையிலிருந்து பெட்டிக்குப் பச்சை காட்டத் தெரிந்தது இரண்டே பேருக்குத்தான்: டீக்கடைக்காரர் ஒருத்தர், பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர். மற்றவர்கள் எல்லோரும் வராதவர்கள். வைஜெயந்தி என்னவோ வராதவர்களுக்கும் கட்டு மாற்றினாள், ஊசி போட்டாள், பிரஷர் பார்த்தாள். ஆனால் மாதக் கடைசியில் மருந்துப் பெட்டியைத் திறந்தால், உள்ளே இரண்டு பேருக்கான மாத்திரையும் ஒரு சுருள் துணியும் இருந்தன. சுகர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பங்கு போட்டாள். கட்டுத்துணியைத் தன் காசில் திண்டிவனத்திலிருந்து வாங்கி வந்தாள்.

மேலே எழுதிப் போட்டாள். இந்த முறை உடனே பதில் வந்தது. 'விரல் நல முகாம்' நடத்தப்படும் என்றது.

முகாமுக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். விரலைப் பேணுவது எப்படி என்று ஓர் இளம் அதிகாரி படம் போட்டு விளக்கினார். இருபத்தொரு நாள் விரலில் உப்பு படாமல் பார்த்துக்கொண்டால் ரேகை தானாக வளரும் என்றார்.

"உப்பளத்துல உப்பத் தொடாம வேற இன்னாத்த சார் தொடறது?" என்று கேட்டாள் திரௌபதி.

"கையுறை போட்டுக்கோங்க."

"குடுக்கறீங்களா?"

"அது வேற டிபார்ட்மென்ட்மா. நாங்க விரலுக்கு மட்டும்தான் பொறுப்பு. விரலுக்கு மேல போடறதுக்கு நாங்க பொறுப்பில்லை."

முகாமுக்கு வந்தவர்கள் எண்ணிக்கையும் விரல் வைத்துத்தான் பதிவானது. கலந்துகொண்டவர்கள் மூன்று பேர் என்று அறிக்கை போயிற்று: அந்த அதிகாரி, அவருடைய டிரைவர், அந்தோணிராஜ்.

அந்தோணிராஜ் கழிமேட்டுப் பையன்தான் என்றாலும், வேலை ஆரோவில் பக்கம் ஒரு கேட்டில் வாட்ச்மேன். உப்பு, மண், சிமென்ட் எதுவும் படாத கை. டீக்கடைக்காரரை விட்டால் ஊரிலேயே முழு ரேகை உள்ள ஒரே ஆண்பிள்ளை என்று முகாம் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அன்று சாயங்காலமே பக்கிரி அவன் தோளில் கை போட்டார்.

"டேய் அந்தோணி, உனக்கு நைட் டூட்டி தான? காலைல பத்தரைக்கு வந்து சின்னாஸ்பத்திரில ஒரு ஓரமா குந்திக்க. நாங்க வைத்தியம் பாத்துக்கறோம், நீ விரல மட்டும் வெய்யி."

நல்ல பிள்ளை, மறுக்கவில்லை. பதினோரு நாள் வந்தான். திரௌபதியின் புண்ணுக்கு அவன் விரல், பக்கிரியின் முழங்காலுக்கு அவன் விரல், பொன்னி மருமகளின் ஐந்தாம் மாதச் சோதனைக்கும் அவன் விரல். வைஜெயந்திக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனால் நாளைக்கு முப்பது பச்சை எரிவதைப் பார்க்கப் பார்க்க அந்தப் பயமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

பன்னிரண்டாம் நாள் தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்துவிட்டார்கள். அந்தோணிராஜ், ஆண், வயது முப்பத்தொன்று. கால் புண், மூட்டுத் தேய்மானம், காது வலி, ஐந்து மாதக் கர்ப்பம். இதில் ஒன்று மட்டும் அவர்களுக்குச் சரியாகப் படவில்லை.

"கர்ப்பத்தைப் பன்னிரண்டு வாரத்துக்குள்ள பதிவு பண்ணணும்னு விதி இருக்கு. இவரை ஏன் இருபதாவது வாரத்துல பதிவு பண்ணியிருக்கீங்க?" என்று மூத்தவர் கேட்டார்.

தாமதப் பதிவுக்காக வைஜெயந்திக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தோணிராஜ் அந்தப் பக்கமே வரவில்லை. "டெய்லி போன் வருதுக்கா. இரும்புச் சத்து மாத்திரை சாப்டீங்களா, குழந்தை அசையுதான்னு கேக்கறாங்க. கூட வேலை செய்யறவனுங்க சிரிக்கறானுங்க" என்று திரௌபதியிடம் அழாக்குறையாகச் சொன்னான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. உப்பளம் முழுக்கத் தண்ணீர், வேலை இல்லை. வீட்டில் சும்மா இருந்த ஊர்க்காரர்களின் விரல்களில் மெல்ல மெல்லக் கோடு விழத் தொடங்கியது. கார்த்திகை பிறப்பதற்குள் ஒருநாள் திரௌபதி வழக்கம்போல விரலை வைக்க, பச்சை எரிந்தது. "வணக்கம், திரௌபதி" என்றது பெட்டி. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். பிள்ளை பெற்ற வீட்டில்கூட அவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை. மூன்று மாதம் நாளைக்கு அறுபது பச்சை. மருந்து வண்டி நிறைய வந்தது. உப்புத் தண்ணீர் படாமல், துணியும் மாத்திரையும் தவறாமல் கிடைத்ததில் புண் பட்டாணி அளவுக்குச் சுருங்கியது.

தை பிறந்ததும் திரும்ப உப்பளம். இருபது நாளில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. புண்ணும் வாய் திறந்தது.

பிப்ரவரியில் ஆய்வுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த வைஜெயந்தி, பையைக்கூட இறக்கி வைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த திரௌபதி பயந்துபோனாள்.

"இன்னா நர்சம்மா, திட்டினாங்களா?"

"அவார்டு குடுத்துட்டாங்கக்கா" என்றாள் வைஜெயந்தி.

நடந்தது இதுதான். வெற்றிச்செல்வன் கழிமேட்டின் ஒரு வருஷக் கணக்கைச் சுவரில் படமாகப் போட்டிருக்கிறார். மழை மூன்று மாதமும் கோடு மலைபோல நிற்கிறது. மற்ற ஒன்பது மாதமும் தரையில் படுத்துக் கிடக்கிறது. அதைக் குச்சியால் காட்டி அவர் பேசியதை வைஜெயந்தி வரி மாறாமல் சொன்னாள்: "உப்பளத்துல இறங்கினா நோய் போகுது, கரையேறினா நோய் வருது. டீக்கடைக்காரரைப் பாருங்க, உப்பளத்துக்கே போறதில்லை, வருஷம் பூரா அவருக்கு உடம்பு சரியில்லை! நண்பர்களே, நாம மாத்திரையில தேடினதை இந்த எளிய மக்கள் உப்புல கண்டுபிடிச்சிட்டாங்க. இந்தப் பெட்டி இல்லைன்னா இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது."

கழிமேடு 'நோயில்லா ஊர்' என்று அறிவிக்கப்பட்டது. கூடவே ஓர் உத்தரவு: நோயில்லாத ஊருக்குச் சுகாதார நிலையம் வீண். ஏப்ரல் முப்பதாம் தேதியோடு அது மூடப்பட்டு, பெட்டி, பெஞ்சு, நர்ஸ் மூன்றும் பெருமுக்கல் தாண்டி வேறு ஊருக்கு மாற்றப்படும்.

திரௌபதி கணக்குப் போட்டாள். பெருமுக்கல் தாண்டி என்றால் இரண்டு பஸ். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு பஸ் ஏறினால் வேலை போகும்; ஏறாவிட்டால் விரல் போகும். அவள் வாய்விட்டு அழுகிற ரகமில்லை. அன்று அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கிரியையும் பொன்னியையும் கூட்டிக்கொண்டு மறுநாளே இலக்கு அலுவலரைப் பார்க்கக் கிளம்பினாள்.

வெற்றிச்செல்வன் அன்பாகத்தான் உட்காரச் சொன்னார். மனுவைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரி வேணும்னு எழுதியிருக்கீங்க. உங்க ஊர்ல நோயாளி யாரு?"

"நான்தான் சார்" என்றாள் திரௌபதி. வெட்கத்தைப் பார்த்தால் வேலைக்காகாது என்று காலைத் தூக்கி நாற்காலி விளிம்பில் வைத்துக் கட்டை அவிழ்த்தாள். புண் இப்போது சுண்டுவிரலைத் தாண்டிப் பக்கத்து விரலுக்கு வந்திருந்தது.

அவர் புண்ணைப் பார்க்காமல் டேப்லெட்டைத் தடவினார். "திரௌபதி... கழிமேடு... இந்தப் புண் பதிவாகலையே?"

"கண்ணால பாருங்க சார்."

"நான் பார்த்தா அது என் தனிப்பட்ட கருத்தா ஆயிடும்மா. பாருங்க, நவம்பர், டிசம்பர்ல உங்களுக்குப் புண் இருந்திருக்கு. பிப்ரவரில இருந்து சுத்தமா இல்லை. உப்பளத்துல இறங்கின மூணே வாரத்துல ஆறியிருக்கு!" அவர் முகம் மலர்ந்தது. "உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். ஏப்ரல் இருபத்தாறாம் தேதி பல மாவட்ட அதிகாரிகளைக் கூட்டிக்கிட்டு உங்க ஊருக்கு வர்றேன். உப்பு நல நடைன்னு பேரு. நீங்கதான் முன்னாடி நடந்து வழி காட்டணும்."

"சார், இந்த விரலு போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள் திரௌபதி.

"இந்த அடக்கம்தாம்மா கிராமத்து மக்களோட அழகு" என்று சொல்லி, அவர் அடுத்த மனுவை எடுத்தார்.

வெளியே வந்ததும் பொன்னி கேட்டாள்: "ஏன் திரௌபதி, அந்த ஆளுக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியுது பொன்னி. கையில வெச்சிருக்கற பலகையில தெரியறது மட்டும் தெரியுது."

ஏப்ரல் இருபத்தாறு. மூடுவதற்கு இன்னும் நான்கே நாள். காலை ஆறு மணிக்கு வருவதாக இருந்த அதிகாரிகள், வழியில் டிபன், போட்டோ, வரவேற்பு எல்லாம் முடித்துப் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார்கள். நாற்பத்தொரு பேர். அந்த நேரத்தில் உப்பளத்தில் காக்காய்கூட இறங்காது. உப்புக் குவியல்களில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை.

திரௌபதி காலில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு கரையில் நின்றாள். மனம் கேட்கவில்லை. என்ன இருந்தாலும் ஊருக்கு வந்தவர்கள். "சார், இந்த நேரத்துல நாங்களே எறங்க மாட்டோம். செருப்பையாவது போட்டுக்குங்க. தண்ணியாவது குடிச்சிட்டு எறங்குங்க" என்று கெஞ்சினாள்.

"நோட்டீஸ்ல வெறுங்கால்னு அச்சடிச்சாச்சும்மா" என்றார் வெற்றிச்செல்வன். பிறகு பேண்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே! இந்த மக்கள் தினமும் இலவசமா அனுபவிக்கிற ஆரோக்கியத்தை இன்னிக்கு ஒரு மணி நேரம் நாமும் அனுபவிப்போம்!"

இறங்கினார்கள்.

முதல் பாத்தியில் சிரிப்பும் செல்ஃபியுமாகத்தான் போனார்கள். இரண்டாம் பாத்தியில் சிரிப்பு நின்றது. அடியில் உப்பு, உடைந்த கண்ணாடித் தூளாகப் பாதத்தைக் கிழித்தது. கிழித்த இடத்தில் உப்புத் தண்ணீரே புகுந்தது. ஒருவர் "அம்மா" என்றார். இன்னொருவர் அதைவிடப் பலமாக "அம்மா" என்றார். கரைக்குத் திரும்பி ஓடப்பார்த்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். வெயில் தாங்காமல் இரண்டு பேர் மயங்கினார்கள். வெற்றிச்செல்வன் வழுக்கி விழுந்து, இரண்டு கையையும் கொதிக்கிற உப்புக் குவியலில் மணிக்கட்டுவரை ஊன்றி எழுந்தார், திரும்பவும் வழுக்கினார், திரும்பவும் ஊன்றினார்.

பக்கிரியும் பொன்னியும் இன்னும் பத்துப் பேரும் ஓடிவந்து, அதிகாரிகளைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு சின்னாஸ்பத்திரிக்கு விரைந்தார்கள். வேறு எங்கே போவது? அக்கம்பக்கத்தில் இருந்தது அது ஒன்றுதான். அந்த ஒற்றைப் பெஞ்சில் இணை இயக்குநர்கள் ஒருவர் மடியில் ஒருவராகச் சாய்ந்துகிடந்தார்கள்.

வைஜெயந்தி பதறவில்லை. மயங்கியவர்களைப் படுக்கவைத்து முதலில் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். பிறகு பெட்டியை எடுத்து முன்னால் வைத்தாள்.

"முதல்ல விரல் வைங்க சார்."

"அம்மா, எரியுதும்மா! மருந்தைப் போடும்மா!" என்று அலறினார் வெற்றிச்செல்வன்.

"போடறேன் சார். விரல் வெக்கலைன்னா நீங்க வரலைன்னு அர்த்தம். வராதவங்களுக்கு எப்படி சார் போடறது? எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்குது."

வைத்தார். "வணக்கம், வெற்றிச்செல்வன்" என்றது பெட்டி. அடுத்தவர் வைத்தார், பச்சை. அதற்கடுத்தவரும் பச்சை. கோப்பைத் தவிர எதையும் தொட்டறியாத விரல்கள்; ஒன்றுகூடச் சிவப்பு காட்டவில்லை. வராந்தாவில் நின்ற ஊர்க்காரர்கள் ஒவ்வொரு பச்சைக்கும் கை தட்டினார்கள். ஊரில் இருந்த பழைய வேட்டி அத்தனையும் அன்று கட்டுத்துணியாயிற்று. திரௌபதி தன் சொந்த வலியை மறந்து, மூன்று மாவட்டத்து அதிகாரிகளின் காலைக் கழுவிவிட்டாள்.

நாற்பதாவது பச்சை எரிந்தபோதே, தலைமையகத்துக் கணினி அதைக் கண்டுகொண்டது. இலக்கை எட்டிய நிலையத்தை மூடக்கூடாது என்று அதற்கு யாரோ எப்போதோ சொல்லிவைத்திருந்தார்கள். மூடும் உத்தரவு ரத்தாகிவிட்டதாக அன்று மாலையே வைஜெயந்தியின் போனுக்குச் செய்தி வந்தது. கழிமேட்டில் அன்றைக்குப் பட்டாசுகூட வெடித்தார்கள்.

ஆனால் அதில் ஒரு கொக்கி இருந்தது. இந்த நாற்பத்தொரு பேரும் குணமாகும்வரைதான் நிலையம் இருக்கும், அதற்குள் புது நோயாளிகள் வராவிட்டால் திரும்ப மூடப்படும் என்று செய்தியின் கடைசி வரி சொன்னது. மருந்தும் நாற்பத்தொரு பேர் கணக்குக்குத்தான் வரும். திரௌபதி அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

குணம் ஆகும்வரை தொடர் சிகிச்சை கட்டாயம் என்பதும் விதிதான். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் கழிமேட்டுக்கு ஜீப்புகள் நொண்டிக்கொண்டு வந்தன. ஐந்தாம் நாள், கட்டு மாற்றிக்கொள்ள வந்து திரௌபதிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார் வெற்றிச்செல்வன். அவர் முறை வந்தது. எழுந்து போய் விரலை வைத்தார்.

சிவப்பு.

"மன்னிக்கவும். அப்படி ஒரு பயனாளி இல்லை."

கொதிக்கிற உப்பில் ஊன்றிய கை. விரல் நுனித் தோலெல்லாம் உரிந்து இளஞ்சிவப்பாக இருந்தது. பத்து விரலையும் வைத்தார். பத்துக்கும் அதே பதிலை அதே தேன் குரலில் சொன்னது பெட்டி.

"நான்தான் நிக்கறேனே, கண்ணுக்குத் தெரியலையா?" என்று அவர் பெட்டியைப் பார்த்துக் கத்தினார். பிறகு வைஜெயந்தியைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா, நான் வந்திருக்கேனா இல்லையா?"

"எனக்குத் தெரியுது சார். ஆனா அது என் தனிப்பட்ட கருத்து."

அவர் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நொண்டிப் போனார். ஊர்க்காரர்கள் ஒரு வருஷமாக எழுதிப் போட்டதற்கு வராத திருத்தம், இருபத்திரண்டு நிமிஷத்தில் வைஜெயந்தியின் போனுக்குச் சுற்றறிக்கையாக வந்தது. வைஜெயந்தி அதைச் சத்தமாகப் படித்தாள்: "முதல் நிலை அலுவலர்கள் எவரையும் இனி விரல் வைக்குமாறு கேட்கக்கூடாது. அன்னார் தம் பதவியைப் பெட்டியிடம் கூறினால் போதுமானது."

"மாவட்ட இலக்கு அலுவலர்" என்றார் வெற்றிச்செல்வன் பெட்டியிடம். பச்சை எரிந்தது. "வணக்கம், ஐயா" என்றது பெட்டி. அவர் நிம்மதியாகக் கட்டு போட்டுக்கொண்டு, புண் அநேகமாக ஆறிவிட்டது, இனி வரவேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே ஜீப் ஏறினார்.

ஜீப் மறைகிறவரை திரௌபதி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"நர்சம்மா, பதவியச் சொன்னா போதும்னா போட்டிருக்குது?"

"ஆமாக்கா."

"சொல்றவங்க அந்தப் பதவில இருக்கறாங்களான்னு பொட்டி பாக்குமா?"

வைஜெயந்தி சுற்றறிக்கையை மறுபடி படித்தாள். கடைசி வரிவரை தள்ளிப் பார்த்தாள். "பாக்கணும்னா அதுக்கு விரல் வெக்கணும்கா. பெரிய ஆளுங்ககிட்ட விரல் கேக்கக் கூடாதுன்னுதான் இந்த ஆர்டரே."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் பத்தரை மணிக்கு, உப்பு காய்ந்து வெளுத்த கால்களோடு கழிமேட்டுச் சின்னாஸ்பத்திரி வாசலில் நாட்டின் மூத்த அதிகாரிகள் ஐம்பத்திரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். பக்கிரி தொண்டையைச் செருமி, "கூடுதல் செயலாளர்" என்றார். பச்சை. அவருடைய முழங்காலுக்குத் தைலம் கிடைத்தது. பொன்னிக்கு 'ஒருங்கிணைப்பு இயக்குநர்' வாயில் நுழையவில்லை. மூன்றாவது தடவையில் சொல்லிவிட்டுக் காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டாள். அவள் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தலைமை ஆணையர்" என்றாள். ஒவ்வொருவருக்கும் பெட்டி மரியாதையாக வணக்கம் சொன்னது.

திரௌபதி முறை வந்தது. என்ன பதவி சொல்லலாம் என்று வழி நெடுக யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"மாவட்ட இலக்கு அலுவலர்" என்றாள்.

"ஏம்மா, அது அந்த ஆளோடது ஆச்சே" என்று வரிசையிலிருந்து பக்கிரி பதறினார்.

"அவருக்குத்தான் ஆறிடுச்சே. சும்மாதான கெடக்குது" என்றாள் திரௌபதி.

பச்சை எரிந்தது. வைஜெயந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, புதுச் சுருள் துணியை உறையிலிருந்து பிரித்தாள்.

"காலைத் தூக்கி ஸ்டூல் மேல வைங்க, மேடம்."